வெளிநாட்டுப் பயணமும் தடுப்பூசி விதிகளும்: வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மளிகைக் கடைக்காரருக்கும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்தவுடன் நமது உறுப்பினர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் நிறையவே உண்டு. கொல்லிமலையில் செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் கடை நடத்தும் நம்மில் பெரும்பாலோர், மிளகும் காப்பியும் பலாவும் விளைந்து விலையாகும் வரை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்துக் காத்திருப்பவர்கள். அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பையன் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டால், அவன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தானா என்பது அவன் வீட்டுக் கவலை மட்டுமன்று. நமது கடன் நோட்டின் கவலையும் ஆகும்.

நமது நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுவதோடு, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறிப் போயிருக்கின்றன. வண்டி போகும் இடத்துக்கு ஆளும் போக வேண்டும். நாமக்கல் முட்டையும் வெளிநாடு போகிறது. வியாபார நிமித்தம் அதன் பின்னால் போவோரும் உண்டு. இவர்களில் பலரும் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் ஆகிய மூன்றையும் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிறார்கள். நான்காவதான தடுப்பூசிச் சான்றிதழைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். இடறல் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

நான் செய்த தவறு

எங்கள் கடையில் பல வருடங்களாகக் கணக்கு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மகனுக்கு, கானா நாட்டில் ரிக் வண்டியில் வேலை கிடைத்தது. தந்தையார் பறிப்புக்கு முன்பே மிளகை விலை பேசி முன்பணம் வாங்கினார். குறைந்த தொகைக்கு நானும் கை கொடுத்தேன். டிக்கெட் எடுத்தாயிற்று. "அண்ணே, ஏதோ ஊசி போடணுமாமே, அதுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று பையன் கேட்டான். "ஊசிதானே தம்பி, ஒரு நாள் வேலை. சென்னைக்குப் போற வழியிலே போட்டுக்கலாம்" என்று நான் சொன்னேன். ஆள் அனுப்பும் ஏஜெண்டும் அதையே சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஊசி போட்டார்கள். சனிக்கிழமை விமானம். சான்றிதழைப் பார்த்த விமான நிறுவன ஊழியர், ஊசி போட்டு 10 நாள் ஆகவில்லை, ஆகவே இது இன்னும் செல்லாது என்று சொல்லிவிட்டார். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போயிற்று. இரண்டு வாரம் கழித்துப் பையன் போய்ச் சேர்ந்தான் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது டிக்கெட்டின் சுமை அந்த வீட்டின் அடுத்த மிளகு வரை நீண்டது. தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் நான் சொன்னதுதான் அதற்குப் பாதிக் காரணம். மற்ற கடைக்காரர்களும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய காலத்திலும் இருந்ததுதான்

பயணத்துக்கு முன் ஊசி என்பது புதிய வழக்கமன்று. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்ட வேலைக்காக இலங்கைக்குச் சென்ற தமிழர்கள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற தலைமுறைக்கு அம்மைக் குத்து நன்றாகத் தெரியும்.

அந்த விதிகளும் நிலையாக இருந்ததில்லை. வெளிநாடு செல்வோரிடம் காலரா ஊசிச் சான்றிதழ் கேட்கும் வழக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் விதிகள் 1973-ல் கைவிட்டன. பெரியம்மை ஒழிந்தது என்று 1980-ல் அறிவிக்கப்பட்ட பின் அந்தச் சான்றிதழுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நோய் நிலவரம் மாறினால் விதியும் மாறும். நேற்றைய விலைப் பட்டியலை வைத்து இன்று சரக்கு வாங்க முடியாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

2021 கற்றுத் தந்த பாடம்

விதி எவ்வளவு விரைவாக மாறும் என்பதை நாம் எல்லோரும் கொரோனா காலத்தில் நேரில் பார்த்தோம். 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி போடுவது தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்களுக்கும், 45 வயதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கும். ஏப்ரல் 1 முதல் 45 கடந்த அனைவருக்கும். மே 1 முதல் 18 கடந்த அனைவருக்கும் என்று தகுதி விரிந்துகொண்டே போயிற்று. 18 முதல் 44 வரையுள்ளவர்கள் முதலில் இணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றார்கள். செல்போனில் வரும் ஓ.டி.பி. எண்ணுக்காகச் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்கும் மலைவாசிகளுக்கு அது பெரும் தடை. மே 24-ல்தான், அரசு மையங்களில் நேரில் வந்தும் பதிவு செய்துகொள்ளலாம் என்று தளர்த்தப்பட்டது.

இரண்டு தவணைகளுக்கு இடையிலான கால அளவும் அவ்வாறே மாறியது. கோவிஷீல்டு ஊசிக்கு முதலில் 4 வாரம் என்றிருந்தது, மார்ச் 22 அன்று 6 முதல் 8 வாரம் என்றும், மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்றும் நீட்டிக்கப்பட்டது. உள்ளூரில் இருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் கையில் விசாவும் வேலை உத்தரவும் வைத்துக்கொண்டிருந்தவர், இரண்டாம் ஊசிக்கு 84 நாள் காத்திருந்தால் வேலையே போய்விடும் என்ற நிலை ஏற்பட்டது.

அதற்காக 2021 ஜூன் 7 அன்று மத்திய அரசு ஒரு விலக்கு அளித்தது. படிப்புக்காகச் செல்வோர், வேலைக்காகச் செல்வோர், டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் குழுவினர் ஆகிய மூன்று வகையினரும் 28 நாள் கழிந்தவுடன் இரண்டாம் தவணையைப் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழில் பாஸ்போர்ட் எண் குறிக்கப்படும். ஆகஸ்டு 31 வரை பயணம் செய்வோருக்கு இது பொருந்தும் என்பது அதன் சாரம். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மூன்று வகைகளில் வியாபாரப் பயணம் இல்லை. சரக்கு பார்க்கவோ, பாக்கி வசூலிக்கவோ போக நினைத்த வியாபாரிக்கு அந்த விலக்கு கைகொடுக்கவில்லை. விலக்கு என்று பத்திரிகையில் பார்த்தவுடன் மகிழ்ந்துவிடாமல், அது யாருக்கு, எந்தத் தேதி வரை, என்ன ஆதாரத்தின் பேரில் என்று மூன்றையும் படிக்க வேண்டும்.

மூன்றாவது ஊசியிலும் இதே கதைதான். இரண்டாம் தவணைக்குப் பின் 9 மாதம் கழித்தே போட முடியும் என்றிருந்ததை, வெளிநாடு செல்வோருக்கு மட்டும், அந்தந்த நாட்டின் தேவைக்கேற்ப முன்னதாகவே போடலாம் என்று 2022 மே மாதத்தில் தளர்த்தினார்கள். ஜூலையில் எல்லோருக்குமே 6 மாதம் என்றாயிற்று.

ஊசி போட்டால் போதாது. காகிதமும் சரியாக இருக்க வேண்டும்

ஊசி உடம்புக்கு; சான்றிதழ் அதிகாரிக்கு. இரண்டும் வேறு வேறு. 2021-ல் கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள், நவம்பர் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஊசியை அங்கீகரிக்கும் வரை, பல நாடுகளுக்குத் தடுப்பூசி போட்டவர் என்ற தகுதியில் செல்ல இயலாமல் தவித்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தியச் சான்றிதழை உடனே ஏற்கவில்லை. நமது சான்றிதழில் வயது மட்டுமே இருந்தது; பாஸ்போர்ட்டில் உள்ளதுபோல் முழுப் பிறந்த தேதி இல்லை என்பது அப்போது எழுந்த பிரச்சினைகளில் ஒன்று. பதிலுக்கு இந்தியாவும் அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ் பயணிகளுக்குத் தனிமைப்படுத்தல் விதித்தது. ஒரு வாரத்தில், அக்டோபர் 11 முதல், பிரிட்டன் தளர்த்தியது. இரண்டு அரசுகள் மல்லுக்கு நின்றபோது இடையில் சிக்கியவர் டிக்கெட் வாங்கிய சாதாரணப் பயணி.

ஹஜ் பயணிகளுக்கும் தகுதி விதி மாறி மாறி வந்தது. 2021-ல் சவுதியில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. 2022-ல் வெளிநாட்டவரையும் அனுமதித்தார்கள். ஆனால் 65 வயதுக்குக் குறைந்தவராகவும், ஊசி போட்டவராகவும் இருக்க வேண்டும். 2023-ல் வயது வரம்பு நீங்கியது. பல வருடம் சேமித்துக் காத்திருந்த முதியவர்களுக்கு அந்த ஓராண்டு எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று கொரோனா சான்றிதழ் கேட்கும் வழக்கம் பெரும்பாலும் நின்றுவிட்டது. இந்தியா வருவோர் நிரப்ப வேண்டியிருந்த இணையப் படிவம் 2022 நவம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. அமெரிக்கா 2023 மே 12 முதல் விமானப் பயணிகளிடம் அந்த ஊசிச் சான்றைக் கேட்பதை நிறுத்தியது. ஆனால் வேறு ஒரு சான்றிதழ் கொரோனாவுக்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதுதான் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ்.

மஞ்சள் காய்ச்சல்: ஏன் இந்தக் கண்டிப்பு?

பெயரைப் பார்த்து இதை நம் ஊர் மஞ்சள் காமாலை என்று எண்ணிவிடக் கூடாது. இது கொசுவால் பரவும் வேறொரு வைரஸ் நோய். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ளது. நோய் முற்றி ஈரல் பாதித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது. ஆனால் ஒரே ஒரு ஊசி ஆயுள் முழுவதும் காப்பாற்றும்.

இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் இதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, அதாவது டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும், கொட்டாங்கச்சியிலும், பழைய டயரிலும் இருக்கிறது. கொசு தயாராக இருக்கிறது. கிருமி மட்டும் வரவில்லை. ஒரு பயணியின் இரத்தத்தில் அது வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் அரசு கண்டிப்பாக இருக்கிறது. நோயுள்ள நாட்டிலிருந்து புறப்பட்டு 6 நாட்களுக்குள், செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்து இறங்குபவரை, 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இடம் தருகிறது.

போகும்போது ஒரு விதி, வரும்போது ஒரு விதி

இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கானா, உகாண்டா, அங்கோலா போன்ற நாடுகள் எங்கிருந்து வந்தாலும் உள்ளே நுழையவே சான்றிதழ் கேட்கின்றன. கென்யா போன்ற நாடுகள், நோயில்லாத இந்தியாவிலிருந்து நேராக வருபவரிடம் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று ஊசி போடாமல் கென்யா சென்றவர், திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். ஏனெனில் கென்யா நோயுள்ள நாடுகளின் பட்டியலில் உள்ளது.

வழியில் விமானம் மாறுவதும் கணக்கில் வரும். தென் ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிச் சென்றால் அந்த நாடு சான்றிதழ் கேட்கும். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது சேருமிடத்தை மட்டும் பாராமல், வழியில் எங்கே, எத்தனை மணி நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். மலிவு டிக்கெட் சில வேளை விலை உயர்ந்ததாகிவிடும்.

10 நாள் கணக்கு

ஊசி போட்டவுடன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. அதற்குச் சுமார் 10 நாள் பிடிக்கும். அதனால்தான் ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும் என்று சர்வதேச விதி சொல்கிறது. 5-ஆம் தேதி ஊசி என்றால் 15-ஆம் தேதி முதல் செல்லும். இதில் சிபாரிசுக்கு இடமில்லை.

முன்பு இந்தச் சான்றிதழ் 10 ஆண்டு மட்டுமே செல்லும். பிறகு மறுபடி போட வேண்டும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று விதி மாற்றப்பட்டது. பழைய புத்தகத்தில் 10 ஆண்டு என்று அச்சாகியிருந்தாலும் அதுவும் ஆயுளுக்குச் செல்லும். எனவே முன்னர் ஒருமுறை போட்டவர்கள் அந்த மஞ்சள் புத்தகத்தைத் தேடி எடுத்து வைக்கவும்.

எங்கே போடுவது?

எந்த டாக்டரிடமும் போட்டுக்கொள்ளக்கூடிய ஊசி அல்ல இது. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, அங்கே முத்திரையுடன் தரும் சான்றிதழ் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகம் ஆகியவை நெடுங்காலமாக அறியப்பட்ட மையங்கள். முழுப் பட்டியல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் உள்ளது. மையங்கள் கூடலாம், குறையலாம். அருகிலுள்ள இ-சேவை மையத்தில் கேட்டு அன்றைய பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முன்பதிவு செய்யாமல் புறப்பட வேண்டாம். இந்த மருந்து பலருக்குப் போடும் குப்பியாக வருகிறது. திறந்து கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மீதியைக் கொட்ட வேண்டியதுதான். எனவே குறிப்பிட்ட நாட்களில், ஆட்களைச் சேர்த்து வைத்துப் போடுவது பல மையங்களின் வழக்கம். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாமக்கல் சேர்ந்து, இரவு பஸ்ஸில் சென்னை போய், இன்று ஊசி நாள் அல்ல என்று கேட்டுத் திரும்புவது எவ்வளவு வேதனை!

யார் போடக் கூடாது?

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டு, கோழி முட்டையில் வளர்த்துத் தயாரிக்கப்படும் மருந்து. எனவே முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. கர்ப்பிணிகள், குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயது கடந்தவர்கள் ஆகியோர் டாக்டரிடம் கலந்து ஆலோசித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். முதன்முறையாகப் போடும் முதியோருக்கு அபூர்வமாகக் கடுமையான பின்விளைவு ஏற்படுவதுண்டு. போட முடியாதவர்களுக்கு மருத்துவ விலக்குக் கடிதம் தரப்படும். ஆயினும் அந்தக் கடிதம் இருந்தாலும் தனிமைப்படுத்தல் நேரக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று: இந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. ஆப்பிரிக்காவில் ரிக் வேலைக்குச் செல்வோருக்கு மலேரியாவும் பெரிய ஆபத்து. அதற்கான மாத்திரை, கொசுவலை பற்றித் தனியே டாக்டரிடம் கேட்க வேண்டும். ஹஜ் செல்வோருக்கு மூளைக் காய்ச்சல் ஊசி கட்டாயம். அதையும் போய்ச் சேருவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும்.

கடைக்காரர் செய்யக்கூடியவை

1. பயணம் என்று யாராவது சொன்னால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஊசி பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். விசா உறுதியானதும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். குறைந்தது ஒரு மாதம் கையில் இருப்பது நலம்.

2. செல்லும் நாடு, வழியில் தங்கும் நாடு, திரும்பி வரும் நாடு ஆகிய மூன்றின் விதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது; தூதரகம் அல்லது அரசு இணையதளத்தில் உள்ளதை அச்செடுத்து, எடுத்த தேதியை அதன்மேல் எழுதி வைக்கட்டும். பழைய அச்சை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம்.

3. மையத்துக்கு அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோக வேண்டும். சான்றிதழில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும். வேறு ஊசி ஏதும் அண்மையில் போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்; சில ஊசிகளுக்கு இடையே 4 வாரம் இடைவெளி தேவைப்படும்.

4. சான்றிதழைப் பாஸ்போர்ட்டுடன் சேர்த்து, மழை ஈரம் படாத உறையில் வைக்க வேண்டும். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

5. பயணத்துக்காகக் கடன் கொடுக்கும் உறுப்பினர்கள், விசாவைப் பார்ப்பதுபோல் ஊசித் தேதியையும் பார்த்துவிட்டுக் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

சிறிய விஷயம்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு மிளகு விலை அந்த 10 நாளில் அடங்கியிருக்கக்கூடும். கடைக்கு வருபவர் உப்புப் புளி வாங்க மட்டும் வருவதில்லை. நாலு நல்ல வார்த்தை கேட்டுப் போகவும் வருகிறார். அந்த வார்த்தை சரியான வார்த்தையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நமது பொறுப்பாகும். இப்போதெல்லாம் யாராவது என்னிடம் ஊசி பற்றிக் கேட்டால், "ஒரு நாள் வேலை" என்று நான் சொல்வதில்லை. "எந்தத் தேதி விமானம்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். உறுப்பினர்கள் அனைவரும் அவ்வாறே கேட்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.